மலை மறித்து நிற்குமா?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், வடகிழக்கிலிருந்து தென்மேற்காக அலபாமா வரை இறங்கி வருகிறது அப்பலாச்சியன் மலைத்தொடர். அதன் பள்ளத்தாக்குகளில் குடியிருப்போரிடம் தலைமுறைகளாக ஒரு நம்பிக்கை உண்டு. டொர்னேடோ என்பது கான்சாஸ், ஓக்லஹோமா போன்ற சமவெளிக்காரர்களின் தலைவலி. மலைக்குள் அது நுழையாது, நுழைந்தாலும் முதல் முகட்டிலேயே உடைந்துவிடும் என்பதே அது.

நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னேடோக்கள் பதிவாகின்றன. முழுவதும் மலையால் ஆன மேற்கு வர்ஜீனியா மாநிலம் தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதி பரப்பு கொண்டது. அதன் நீண்டகாலச் சராசரி ஆண்டுக்கு இரண்டுதான். பரப்பளவைச் சமன்செய்து பார்த்தாலும் கான்சாஸில் பத்து மடங்குக்கு மேல் வருகிறது. ஆக, மலை ஏதோ செய்கிறது. என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதுதான் கேள்வி.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் நாளிதழ்கள் கடலில் பிறக்கும் பெரும்புயலையும் டொர்னேடோவையும் ‘சூறாவளி’ என்றே எழுதிவிடுகின்றன. இலங்கை நாளிதழ்களில் ‘மினி சூறாவளி’ என்றொரு வழக்கும் உண்டு. புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் கொண்டது, நாள்கணக்கில் வாழ்வது. டொர்னேடோ இடிமேகத்தின் அடியிலிருந்து தரையைத் தொடும் சுழலும் காற்றுத்தூண். அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள், ஆயுள் சில நிமிடங்கள். குழப்பத்தைத் தவிர்க்க இங்கே டொர்னேடோ என்ற பெயரே கையாளப்படுகிறது.

ரை கோவ், 1929

வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மலைகள் சூழ்ந்த சிறு பள்ளத்தாக்கு ரை கோவ். 1929 மே 2 அன்று நண்பகல் தாண்டிய வேளையில், அங்கிருந்த இரண்டு மாடி மரப் பள்ளிக்கூடத்துக்குள் சுமார் 150 பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளத்தாக்கின் வழியே வந்த டொர்னேடோ அந்தக் கட்டடத்தைப் பெயர்த்துச் சிதறடித்தது. 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். வர்ஜீனியாவின் வரலாற்றில் மிகுதியான உயிர்களைக் கொண்ட டொர்னேடோ இன்றளவும் இதுதான்.

அதே மாவட்டத்தைச் சேர்ந்த நாட்டுப்புறப் பாடகர் ஏ. பி. கார்ட்டர் உதவிக்கு ஓடியவர்களில் ஒருவர். கண்டதை வைத்து அவர் கட்டிய ‘ரை கோவ் சூறாவளி’ என்ற பாடலை கார்ட்டர் குடும்பத்தினர் அதே ஆண்டில் இசைத்தட்டாகப் பதிவு செய்தார்கள்.

டொர்னேடோக்களை அவை விட்டுச்செல்லும் சேதத்தைக் கொண்டு 0 முதல் 5 வரை தரம் பிரிப்பது வழக்கம். 1971-இல் இந்த அளவுகோலை வகுத்த வானிலை ஆய்வாளர் ஃபுஜிதாவின் பெயரால் அது எஃப் அளவு எனப்பட்டது. அமெரிக்காவில் 2007 முதல் திருத்தப்பட்ட வடிவம் இஎஃப் எனப்படுகிறது. ரை கோவில் வந்தது வெறும் எஃப்2. நடுத்தரமான ஒன்று. பதின்மூன்று உயிர்கள் போனதற்குக் காற்றின் வலிமை பாதிக் காரணம்; அது வந்து சேர்ந்த இடமும் நேரமும் மீதிக் காரணம்.

திரி திரித்தல்

மலை செய்வதைப் புரிந்துகொள்ள, டொர்னேடோ எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

விளக்குத்திரி திரிப்பதை நினைத்துக்கொள்ளலாம். தொடையின் மீது பஞ்சை வைத்து உள்ளங்கையால் முன்னோக்கித் தேய்த்தால் பஞ்சு உருள்கிறது. கீழே தொடை அசையாமல் இருக்கிறது. மேலே கை நகர்கிறது. நடுவில் அகப்பட்டது முறுக்கிக்கொள்கிறது. வளிமண்டலத்திலும் இதேதான். தரையை ஒட்டிய காற்று மெதுவாகவும், சில கிலோமீட்டர் மேலே உள்ள காற்று வேகமாகவும் வேறு திசையிலும் வீசினால், இடையில் உள்ள காற்று படுத்த நிலையில் உருளத் தொடங்கும். உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் இப்படி மாறுவதைக் ‘காற்று முரண்’ என்று அழைக்கலாம்.

இந்தப் படுத்த திரியை நிமிர்த்த ஓர் ஆற்றல் வேண்டும். வெப்பமும் ஈரமும் மிக்க காற்று இடிமேகத்துக்குள் விசையோடு மேலேறும்போது, திரியைத் தூக்கி நிறுத்துகிறது. மேகமே சுழலத் தொடங்குகிறது. இத்தகைய ‘சுழல்முகில்’ 12 முதல் 15 கிலோமீட்டர் உயரம் வளரக்கூடியது. கடுமையான டொர்னேடோக்களில் ஏறத்தாழ எல்லாமே சுழல்முகில்களிலிருந்து பிறப்பவை. ஆனால் பெரும்பாலான சுழல்முகில்கள் டொர்னேடோவைப் பெறுவதே இல்லை. மேகத்தின் சுழற்சி தரையோடு இணைய, கீழ்ப்பகுதிக் காற்று ஒத்துழைக்க வேண்டும். மலையின் கைவரிசை இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நன்றாகத் தெரிகிறது.

மலை கெடுப்பது

அமெரிக்க டொர்னேடோக்களின் முக்கியத் தீவனம் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வடக்கே பாயும் ஈரக்காற்று. சமவெளியில் அதற்குத் தடையே இல்லை. அப்பலாச்சியனில் முகடுகள் குறுக்கே நிற்பதால், தரையை ஒட்டிய ஈரக்காற்று எல்லாப் பள்ளத்தாக்குகளுக்கும் சமமாகப் போய்ச் சேர்வதில்லை. உயரமான இடங்களில் தரையும் அவ்வளவாகச் சூடாவதில்லை. மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் குளிர்ந்த, கனமான காற்று பல நாள் அணைகட்டியது போலத் தேங்கி நிற்பதும் உண்டு. அத்தகைய நாளில் மேலே சுழல்முகிலே வந்தாலும், கீழே கிடைப்பது குளிர்காற்று. மேலேற மறுக்கும் காற்று.

சமவெளியைவிட மலையில் டொர்னேடோ குறைவாகப் பிறப்பதற்கு இவை காரணம். இது பிறப்பைத் தடுக்கும் வேலை. பிறந்துவிட்டதை மறிக்கும் வேலையன்று. சூழல் கூடிவரும் நாள்கள் மலையில் குறைவு. கூடிவந்துவிட்டால் முகடு கேடயமாகாது. மேலும், சில மலைகள் அந்தச் சூழலைத் தாமே கூட்டிக்கொடுக்கின்றன.

கிரேட் பேரிங்டன்: ஒரு மாலையின் கணக்கு

1995 மே 29, திங்கட்கிழமை. அமெரிக்காவில் போர்வீரர் நினைவு நாள் விடுமுறை. அன்று மாலை நியூயார்க் மாநிலத்தில் ஒரு சுழல்முகில் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தது. அதன் பாதையில் வரிசையாக நான்கு நிலப்பகுதிகள்: முதலில் கேட்ஸ்கில் மலை, அடுத்து ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் டக்கோனிக் முகடுகள், அவற்றைத் தாண்டி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹூசடானிக் ஆற்றின் பள்ளத்தாக்கு. கிரேட் பேரிங்டன் என்ற சிற்றூர் இந்தக் கடைசிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஆல்பனியில் உள்ள பல்கலைக்கழகத்தின் லான்ஸ் போசார்ட்டும் அவருடைய குழுவினரும் ராடார் பதிவுகளைக் கொண்டு இந்தப் பயணத்தைப் படிப்படியாக ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். மலைநாட்டு டொர்னேடோ பற்றிய தெளிவான பாடங்களில் அது ஒன்று.

ஹட்சன் பள்ளத்தாக்கு வடக்கு தெற்காக நீண்ட ஒரு வாய்க்கால். இருபுறமும் மலை. நியூயார்க் துறைமுகத்தின் ஓதம் சுமார் 240 கிலோமீட்டர் உள்நாட்டில் இருக்கும் டிராய் நகரம் வரை ஏறிவருகிறது என்றால், அதன் தரைமட்டம் எவ்வளவு தாழ்வு என்று தெரியும். பொதுவாகத் தென்மேற்கிலிருந்து வரும் காற்றுகூட இந்த வாய்க்காலுக்குள் புகுந்தால், கரைக்கு அடங்கி நேர் தெற்கிலிருந்து வடக்காகத் திரும்பிவிடுகிறது. மேலே மேற்குக் காற்று, கீழே தெற்குக் காற்று. காற்று முரண் ஒரே தாவலில் கூடிவிடுகிறது; கையும் தொடையும் வெவ்வேறு திசையில் அசைந்தது போல. அந்தத் தெற்குக் காற்று ஈரத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

இது முதல் உதவி. இரண்டாவது உதவி, நிலத்தின் ஏற்ற இறக்கம். சிறுவர்கள் கைகளை விரித்துத் தட்டாமாலை சுற்றும்போது, விரித்த கையை மார்போடு ஒடுக்கினால் சுழற்சி திடீரென்று கூடும். சுழலும் காற்றுத்தூணும் அப்படியே. தூணை மேலும் கீழும் இழுத்து நீட்டினால் அது ஒல்லியாகும். ஒல்லியானால் வேகம் கூடும். தூணின் நீளம் நான்கு மடங்கானால், அதன் குறுக்களவு பாதியாகும், விளிம்புக் காற்றின் வேகம் இரட்டிப்பாகும். மாறாக, தூண் நசுங்கினால் பருமன் கூடி வேகம் குறையும்.

சுழல்முகில் மலையிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கும்போது அதன் அடியில் உள்ள காற்றுப் பத்தி நீள்கிறது. முகட்டின் மீது ஏறும்போது நசுங்குகிறது. அன்றைய ராடார் பதிவுகள் இந்தக் கணக்குக்கு ஒத்துப்போயின. கேட்ஸ்கில்லை விட்டு ஹட்சன் பள்ளத்தாக்குக்குள் இறங்கியபோது மேகத்தின் சுழற்சி வலுத்தது. டக்கோனிக் முகடுகளில் ஏறியபோது தளர்ந்தது. அங்கேயே நிறுத்திப் பார்த்தால், ‘மலை மறித்துவிட்டது’ என்று யாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் முகட்டைத் தாண்டி ஹூசடானிக் பள்ளத்தாக்கின் பக்கம் இறங்கியபோது சுழற்சி மீண்டும் இறுகியது. மாலை ஏழு மணியளவில் எஃப்4 தரத்தில் ஒரு டொர்னேடோ கிரேட் பேரிங்டனைத் தாக்கியது.

ஊரின் பழைய பொருட்காட்சித் திடல் நொறுங்கியது. காரில் சென்றுகொண்டிருந்த மூன்று பேர் இறந்தார்கள். டொர்னேடோ ஊரோடு நிற்கவுமில்லை. கிழக்கே இருந்த காட்டுமலையில் ஏறி மரங்களைச் சாய்த்துக்கொண்டு போனது. சரிவில் விழுந்த அந்த வகிடு பல ஆண்டுகள் தெரிந்தது.

ஒரு நிகழ்ச்சியை வைத்து விதி எழுதிவிட முடியாது. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1998 மே 31 அன்று, அதே ஹட்சன் பள்ளத்தாக்கில் இருக்கும் மெக்கானிக்வில் ஊரை ஓர் எஃப்3 டொர்னேடோ தாக்கியது. அதை ஆராய்ந்தவர்களும் பள்ளத்தாக்கு திருப்பிவிட்ட தெற்குக் காற்றையே சுட்டினார்கள்.

ஆளும் நிலைப்படியும்

சுழற்சி தளர்கிறது, வலுக்கிறது என்பது சரி. ஆனால் முகடு அதை அறுத்துவிடாதா? அளவை ஒப்பிட்டால் விடை கிடைக்கும். 15 கிலோமீட்டர் உயரச் சுழல்முகிலின் முன் 600 மீட்டர் முகடு என்பது, ஒன்றரை மீட்டர் உயர ஆளுக்கு ஆறு சென்டிமீட்டர் நிலைப்படி. ஆளுக்குக் கால் தடுக்கலாம், தாண்டாமல் திரும்பிப் போவதில்லை.

கான்சாஸ் மாநிலத்தின் டொப்பீகா நகரில் பர்னெட்ஸ் மேடு என்ற குன்று நகரைக் காக்கிறது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1966 ஜூன் 8 அன்று ஓர் எஃப்5 அந்த மேட்டின் மீதே ஏறி வந்து நகரைக் குறுக்காக உழுதது. அது சிறு குன்றுதானே என்று ஒதுக்கினால், 1987 ஜூலை 21 இருக்கிறது. அன்று வயோமிங் மாநிலத்தின் டீட்டன் வனப்பகுதியில் தொடங்கிய ஓர் எஃப்4, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,500 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், ராக்கி மலைத்தொடரின் நீர்ப்பிரிமேட்டையே தாண்டி யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் போனது. 39 கிலோமீட்டர் பாதை, 26 நிமிடம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கியிருக்கிறது. சாய்ந்த மரங்கள் சுமார் பத்து லட்சம். மனித உயிர் ஒன்றும் போகவில்லை. 2004 ஜூலை 7 அன்று கலிஃபோர்னியாவின் செக்கோயா தேசியப் பூங்காவில், 3,705 மீட்டர் உயரக் கணவாய் அருகே ஒரு மலையேறி டொர்னேடோவைப் படமெடுத்தார்.

முகட்டின் எந்தப் பக்கம் சேதம் மிகுதி என்பதில் கருத்து இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ஆர். பன்னீர்செல்வம் தம் மாணவர்களோடு கணினி மாதிரிகளையும் 2011-இல் டஸ்கலூசா, ஜாப்லின் நகரங்களைத் தாக்கிய டொர்னேடோக்களின் சேதப் படங்களையும் ஆராய்ந்தார். ஏற்றத்தில் சேதம் கூடுகிறது, இறக்கத்தில் குறைகிறது, சுற்றிலும் குன்றுள்ள பள்ளத்தைச் சில சமயம் தாவிப்போகிறது என்பது அவர்கள் கண்டது. கிரேட் பேரிங்டன் பாடத்துக்கு இது நேர் எதிராகத் தோன்றும். ஆனால் அங்கே அளந்தது பல கிலோமீட்டர் அகல மேகத்தின் சுழற்சியை. இங்கே பார்த்தது தரையைத் தொட்ட தூணின் அடிப்பாகத்தை. யானையும் அதன் தும்பிக்கை நுனியும் ஒரே போல அசைய வேண்டும் என்று கட்டாயமில்லை.

விழுந்த மரங்களின் சாட்சி

மலைக்காட்டில் நேரில் கண்டவர் பெரும்பாலும் இருக்கமாட்டார். சாட்சி சொல்வது மரங்கள். இந்தச் சாட்சியத்தைப் படிக்கும் கலையை வளர்த்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட்சுயா ஃபுஜிதா. 1945-இல் ஜப்பானின் கொகுரா பகுதியில் வாழ்ந்தவர். இரண்டாவது அணுகுண்டு முதலில் கொகுராவுக்கே குறிக்கப்பட்டிருந்தது. வானம் தெளியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. பின்னர் நாகசாகியின் அழிவை ஆராயச் சென்ற ஃபுஜிதா, ஒரு நடுப்புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் வெளிநோக்கிச் சாய்ந்த பொருள்களைக் கண்டார்.

1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் அமெரிக்காவின் 13 மாநிலங்களில் 148 டொர்னேடோக்கள் தாக்கின. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். ஃபுஜிதாவின் குழு விமானத்தில் பாதைகளைத் தேடிப் பறந்தது. தெற்கு அப்பலாச்சியனில் டொர்னேடோக்கள் முகடுகளின் மீது ஏறி இறங்கிப் போன தடங்கள் தென்பட்டன. மேற்கு வர்ஜீனியாவின் பெக்லி அருகே அவர் கண்டது வேறு. அங்கே மரங்கள் சுழற்சியின் அடையாளம் காட்டாமல், நட்சத்திரம் வெடித்தது போல வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்தன. நாகசாகியில் பார்த்த அதே கோலம். மேகத்திலிருந்து குடத்து நீரைக் கவிழ்த்தது போலக் காற்று செங்குத்தாகக் கொட்டித் தரையில் பட்டுச் சிதறுகிறது என்ற முடிவுக்கு வர இந்தக் காட்சி வித்திட்டது. இதைக் ‘கொட்டுக்காற்று’ எனலாம். விமானங்கள் தரையிறங்கும்போது நேர்ந்த பல விபத்துகளின் காரணம் இதன் வழியே விளங்கியது. டீட்டன் காட்டிலும் ஃபுஜிதா டொர்னேடோவின் தடத்தோடு 72 சிறு கொட்டுக்காற்றுகளின் தடங்களைப் பிரித்துக் காட்டினார்.

எண்ணப்படாதவை

தரம் சேதத்தைக் கொண்டு சொல்லப்படுவதால், சேதமாக ஏதும் இல்லாத இடத்தில் டொர்னேடோவுக்குத் தரமும் இல்லை. ஆளில்லாச் சரிவில் நாற்பது மரங்களைச் சாய்த்துவிட்டு மறையும் எஃப்1 பதிவேட்டில் ஏற வாய்ப்பு குறைவு. விழுந்த மரங்களை யாராவது பார்த்தாலும், ‘பலத்த காற்று’ என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

ராடாருக்கும் மலையில் கண் பாதிதான். அலை நேர்கோட்டில் போக, பூமி வளைந்து கீழே விலகுகிறது. ராடாரின் மிகத் தாழ்ந்த கோணத்தில் அனுப்பிய அலையும் 100 கிலோமீட்டர் தொலைவில் தரைக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் மேலே இருக்கும். இடையில் முகடு இருந்தால் அலையின் அடிப்பகுதி அதில் மோதி நின்றுவிடும். மேகத்தின் இடுப்பு தெரியும், கால் தெரியாது. ஆண்டுக்கு இரண்டு என்ற சராசரியை வாசிக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலை டொர்னேடோவைக் குறைக்கவும் செய்கிறது, மறைக்கவும் செய்கிறது. எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

பள்ளத்தாக்கில் வீடு

ஆபத்து என்பது வரும் எண்ணிக்கை மட்டுமல்ல. மலைநாட்டில் தட்டை நிலம் ஆற்றோரத்தில் மட்டும் கிடைக்கிறது. வீடு, சாலை, பள்ளி, ரயில் பாதை எல்லாம் அந்த ஒரே கீற்றில் நெருங்கிக் கிடக்கின்றன. டொர்னேடோவின் பாதை அந்தக் கீற்றோடு ஒத்துப்போனால் எதுவும் தப்புவதில்லை. அடித்தளம் இல்லாத, பெயர்த்து வைக்கக்கூடிய வீடுகள் இப்பகுதியில் ஏராளம்; அடித்தளத்தோடு கட்டிய வீட்டுக்கு வரும் சேதத்தைவிட இவற்றுக்கு வருவது பெரிது. அடிவானமும் இல்லை. கான்சாஸில் பல கிலோமீட்டர் தொலைவிலேயே கருமேகம் கண்ணில் படும். இங்கே முகட்டைத் தாண்டும்போதுதான் தெரியும். அப்போது மீதம் இருப்பது ஓரிரு நிமிடம்.

மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி நாட்டில், ஒரு சிற்றாற்றின் கரையில் உள்ள ஷின்ஸ்டனுக்கு 1944 ஜூன் 23 மாலையில் அந்த ஓரிரு நிமிடமும் பயன்படவில்லை. எஃப்4 தரத்தில் வந்த டொர்னேடோ முகடுகளை ஏறி இறங்கித் தாக்கியதில் சுமார் 100 பேர் இறந்தார்கள். முன்னெச்சரிக்கை ஏதும் இல்லை. வீண் பீதி கிளம்பும் என்று அமெரிக்க வானிலைத் துறை ‘டொர்னேடோ’ என்ற சொல்லையே முன்னறிவிப்புகளில் நெடுங்காலம் தவிர்த்துவந்தது. முதல் வெற்றிகரமான டொர்னேடோ முன்னறிவிப்பு 1948 மார்ச் 25 அன்று, ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில், இரண்டு ராணுவ வானிலையாளர்களால் விடப்பட்டது. ஷின்ஸ்டனுக்கு நான்கு ஆண்டுகள் தாமதம்.

2011 ஏப்ரல் 27-இல் நிலைமை வேறு. அன்று அடுத்தடுத்துத் தாக்கிய டொர்னேடோக்களில் ஓர் இஎஃப்4, அப்பலாச்சியனில் உள்ள கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவுக்குள்ளேயே புகுந்தது. ராடாரைக் கொண்டு விடுத்த எச்சரிக்கை தொலைக்காட்சியிலும் வானொலியிலும் ஓடிக்கொண்டிருந்தது. இன்று அந்த வேலையில் பெரும்பங்கு கைபேசியுடையது. ஆனால் மலைமடிப்புகளில் அலைவரிசை எட்டாத இடங்கள் பல. மேற்கு வர்ஜீனியாவும் வர்ஜீனியாவும் சேரும் எல்லையில், கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கிக்காக 1958-இல் ஒதுக்கப்பட்ட சுமார் 34,000 சதுர கிலோமீட்டர் ‘அமைதி வலயம்’ இருக்கிறது. விண்மீன்களின் மெல்லிய அலைகளைக் கேட்பதற்காக அங்கே வானொலி, கைபேசிக் கோபுரங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. தொலைநோக்கியை ஒட்டிய ஊர்களில் இன்றும் பல வீடுகள் கம்பிவழித் தொலைபேசியை நம்பியிருக்கின்றன.